வீரனின் குடியும் நண்பர் கடமையும்

களத்தில் வென்ற வீரனைத் தோளிற் சுமக்கப் பலர் முன்வருவர். அவன் குடிக்கு அடிமையானபின் நண்பர்க்கும் வேலை கொடுத்தோர்க்கும் உரிய கடமை யாது? மறைப்பதும் கைவிடுவதுமே எம்மவர் அறிந்த இரு வழிகள்.

மூன்றாவதொன்றும் உண்டு. 1988-இல் பள்ளி மாணவனாகச் சச்சின் தெண்டுல்கருடன் இணைந்து 664 ஓட்டங்கள் குவித்த வினோத் காம்பிளி, 2024-இன் இறுதியில் நலிந்திருந்தார். கபில் தேவும் 1983 உலகக் கிண்ண அணியினரும், அவர் மதுமீட்பு நிலையத்தில் தாமே சென்று சேர்வாராயின், சிகிச்சை எத்துணைக் காலம் நீடிப்பினும் செலவைத் தாம் ஏற்பதாக அறிவித்தனர். இந்நிபந்தனையைக் கல்நெஞ்சம் என்பாரும் உளர். கையிற் கொடுத்த பணம் எக்கடைக்குச் செல்லுமென்பதை அவர் அறியாரோ?

இனி, வேலை கொடுத்தோர். இங்கிலாந்தின் ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகத்தின் அணித்தலைவர் டோனி அடம்ஸ், குடித்து வண்டியோட்டி 1990-இற் சிறை சென்றார். மீண்டவரைக் கழகம் ஏற்றது. குடியோ மேலும் ஆறாண்டு தொடர்ந்தது. 1996-இல் தாம் குடிநோயாளரென அவரே சக வீரரிடம் ஒளியாதுரைத்தார். அவ்வாண்டு வந்த பயிற்றுநர் வெங்கர் அவரது தலைமையைப் பறித்தாரல்லர். 1998-இல் லீக் பட்டம் அவர் தலைமையிலேயே கிட்டியது. இருமுறையும் காட்டியது பரிவே. பின்னையதில் மட்டும் உண்மை வெளிப்பட்டிருந்தது.

எம் வாவிக்கரை ஊர்களில் நடப்பதென்ன? ஆட்டம் முடிந்த மாலையிற் போத்தல் திறப்பதே பாராட்டு. திங்கட்கிழமை கந்தோருக்கு வராதவனை வந்தவனாகக் குறிப்பதே அதிகாரியின் கருணை. (சாராயத்துக்குப் பணம் சேர்க்கும் சுறுசுறுப்பைப் பந்து வாங்கச் சேர்ப்பதிற் காணோம்!) அவன் தெளிந்திருக்கும் காலை வேளையில் நண்பர் இருவர் சென்று பேசி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு உடன் அழைத்துச் செல்லலாம், நெடுநாட் குடியை வைத்தியர் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. சிகிச்சை முடியும்வரை வேலை காத்திருக்குமென அதிகாரி எழுத்தில் உறுதி கொடுக்கலாம். விழா ஆட்டத்தன்று இராவிருந்திற் போத்தல் வேண்டாமென விழாக்குழுவினர் இப்போதே தீர்மானிப்பாராக.