பஞ்சத்தின் பெயரில் ஒரு வரலாற்றுப் பரிசு

டப்ளின் நகரில் லிஃபி ஆற்றங்கரையில் ரோவன் கில்லெஸ்பி செய்த வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். எலும்பும் தோலுமாய், துணிமூட்டையை அணைத்துக்கொண்டு கப்பல் ஏறப் போகிறவர்கள். 1997இல் வைக்கப்பட்ட சிலைகள் இவை. அயர்லாந்துப் பஞ்சத்துக்கு இதுபோல் உலகெங்கும் நினைவுச் சின்னங்கள் உண்டு. ஆனால் அந்தப் பஞ்சத்தின் நினைவாக வரலாற்று மாணவருக்கு ஒரு பல்கலைக்கழகம் பரிசு வைப்பது சிலையைவிடப் பெரிய காரியம். ஏனென்றால் அந்தக் கதையை எழுதப் பல்கலைக்கழகங்களே வெகுகாலம் தயங்கின.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் பூஞ்சை போன்ற ஒரு நோய் பரவியது. ஏழை உழவன் நாளுக்கு ஐந்து கிலோ வரை கிழங்கை மட்டுமே தின்று வாழ்ந்த நாடு அது. ஆறேழு ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள்.

பஞ்சத்தின் நூற்றாண்டு நெருங்கியபோது, பிரதமர் டி வலேராவின் அரசு பஞ்ச வரலாறு எழுதப் பணம் ஒதுக்கியது. 1945இல் ஊர் ஊராகப் போய், முதியவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வைத்திருந்த கதைகளையும் சேகரித்தார்கள். அந்தப் பணத்தில் பேராசிரியர்கள் எழுதிய நூலோ பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்து, 1956ஆம் ஆண்டைத் தாங்கி வந்தது. நிதானமான நூல்தான். ஆனால் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குக்குள் அது இறங்கவில்லை.

1962இல் செசில் உட்ஹாம்-ஸ்மித் எழுதிய 'தி கிரேட் ஹங்கர்' வந்தது. அவர் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவரல்ல. நூல் கோபத்தோடு பேசியது, விற்றுத் தீர்ந்தது. மறு ஆண்டு டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்று மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு தரப்பட்டது: அந்த நூல் ஒரு மாபெரும் நாவல் என்பது. படித்தவர்கள் அதை எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோபப்பட்டு எழுதினால் வரலாறு ஆகாது என்ற அந்த நினைப்பு தவறானது. சாவைக் கணக்கெடுக்காமல் காட்டும் நடுநிலையில்தான் கோளாறு.

கணக்கு பிறகு வந்தது. பொருளியல் வரலாற்றாளர் ஜோயல் மோக்கிர் 1983இல் மாவட்டவாரியாக இறப்புகளை மதிப்பிட்டார். 2012இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி அறிஞர்கள் வெளியிட்ட பெரிய நிலப்பட நூல், எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் மறைந்தார்கள் என்று காட்டியது.

ஏடுகளைப் புரட்டினால் என்ன கிடைக்கும்? 1847 ஜூலையில் பிரிட்டிஷ் அரசின் கஞ்சித்தொட்டிகள் நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. அதாவது, முடியாத காரியமல்ல. இலையுதிர் காலத்துக்குள் அத்தனையையும் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது என்று சட்டமும் போட்டார்கள். பசித்தவன் நிலத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கையேந்த வேண்டும்.

நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த லண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன். பஞ்சத்துக்கு நடுவே, 1848இல், அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1859இல் அவரே சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டே, வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்.

அவர் ஆண்ட இதே மாகாணத்தை 1876இல் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. அன்று சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு பெரிய தொகுதிகளாக அதை எழுதி வைத்தார். அரசு ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, தாது வருஷத்தின் பெயரில், தன் மாவட்டத்தின் சாவுக் கணக்கைத் தேடி எழுதும் வரலாற்று மாணவருக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்கட்டும். வசதியுள்ள முன்னாள் மாணவர்கள் ஓர் அறக்கட்டளை வைத்தாலே போதும்.