மேலிருந்து பார்ப்பவர்களிடம் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டியவை



ஸ்ரீஹரிகோட்டா என்ற பெயரை அறியாத தமிழர் குறைவு. பழவேற்காடு ஏரியை ஒட்டிய அந்தத் தீவிலிருந்துதான் 2015 டிசம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் வர்த்தகப் புவி கண்காணிப்புச் செயற்கைக்கோளான டெலியோஸ்-1 விண்ணுக்குச் சென்றது. 2023 ஏப்ரல் 22 அன்று டெலியோஸ்-2, அதே ஆண்டு ஜூலை 30 அன்று டிஎஸ்-சார். மூன்றையும் சுமந்து சென்றது இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட். மூன்றின் பின்னாலும் இருப்பது நம் ஊர் நிறுவனமான எஸ்டி இன்ஜினியரிங். வானிலிருந்து எடுத்த படங்களையும், அவற்றை அலசிப் பெறும் வரைபடத் தகவல்களையும் விற்பதற்கென்றே அதற்கு ஜியோ-இன்சைட்ஸ் என்ற துணை நிறுவனமும் இருக்கிறது.

"ராக்கெட்டுக்கும் எங்கள் மூவறை வீட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. எஸ்டி இன்ஜினியரிங்கின் மிகப் பெரிய பங்குதாரர் தெமாசெக். தெமாசெக் அரசுக்குச் சொந்தமானது. அதாவது இந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் பொதுமக்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பங்கு உள்ளவன் கேள்வி கேட்பது முறைதானே!

முதலில் ஒரு வீண் பயத்தை விலக்கிவிடுவோம். டெலியோஸ்-1 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு லாரி அதில் நீளவாக்கில் ஆறேழு புள்ளிகளாகத் தெரியும். அதில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் முகம் தெரியாது. டெலியோஸ்-2, டிஎஸ்-சார் இரண்டும் ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைபவை. நிலநடுக்கோட்டுக்கு அருகே எப்போதும் மேகம் கவிந்திருக்கும் நம் வட்டாரத்தில், மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்ப்பதற்கு இதுதான் வழி. கடலில் எண்ணெய்க் கசிவு, வெள்ளம் போன்றவற்றைக் கண்டறிய இந்த நுட்பம் உதவும். நல்லதுதான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் செயற்கைக்கோள் தனியாக வேலை செய்வதில்லை. அதற்குக் கீழே பல அடுக்குகள் இருக்கின்றன. 2014இல் சிங்கப்பூர் நில ஆணையம் விமானத்தில் லேசர் கருவி பொருத்தித் தீவு முழுவதையும் முப்பரிமாணத்தில் அளந்தது. அதற்கும் முன்பே 2009இல் கூகள் நம் தெருக்களைப் படமெடுத்துப் போட்டது. 2020இல் கொரோனா காலத்தில், மக்கள் இடைவெளி விட்டு நிற்கிறார்களா என்று டிரோன்கள் மேலே வட்டமிட்டன. இந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் திறமைதான் இன்று வரைபட நிறுவனங்களின் உண்மையான முதல். ஒரு புள்ளி தனியாக எதையும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேர்கிறது, எந்தத் திடலில் உட்காருகிறது, எந்த வழியாகக் கலைகிறது என்பதை எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து சொல்லிவிடும்.

நம்மவர்கள் கூடும் இடத்தை யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி அல்ல. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் தந்த பரிந்துரைகளில், வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் இடங்களில் கேமராக்களை அதிகப்படுத்துவதும் ஒன்று. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. நம் கடைத்தெரு அன்றிலிருந்து கண்காணிப்புக்குரிய இடமாகிவிட்டது.

சரி, இத்தனை கண்கள் இருந்தும் பார்க்க வேண்டியதைப் பார்த்தோமா? 2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எந்த விடுதி எங்கே இருக்கிறது, அதன் கூரை எவ்வளவு பெரியது என்பது வரைபடத்தில் இருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே, ஒரே அறையில் இரட்டைக் கட்டில்களில் எத்தனை பேர் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள் என்பதை எந்தப் படமும் காட்டவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். அதன் பிறகுதான், 2021 செப்டம்பரில், புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்ற விதி அறிவிக்கப்பட்டது. மேலிருந்து பார்ப்பவருக்குக் கூரை தெரியும், குடும்பத்தைப் பிரிந்து வந்தவனின் மூச்சுத் திணறல் தெரியாது!

வானத்துப் படம் எளியவர்களுக்கு உதவியதே இல்லையா? உதவியிருக்கிறது. 2009இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் பத்திரிகையாளரும் நுழைய முடியாத நிலை இருந்தபோது, செயற்கைக்கோள் படங்கள்தாம் குண்டு விழுந்த பள்ளங்களையும் காணாமற்போன கூடாரங்களையும் உலகுக்குக் காட்டின. 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் அப்படங்களைச் சான்றாகக் கொண்டது. ஆனால் சாட்சி சொல்லும் அந்தக் கண்ணை மூடும் அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் முடிவால், மேக்சார் நிறுவனத்தின் படங்களை உக்ரேன் பார்க்க முடியாமல் சில நாள்கள் தடைபட்டது. ஒரு நாட்டுக்கே இந்த நிலை என்றால், விடுதியில் இருக்கும் ஊழியன் எம்மாத்திரம்?

இனி சட்டத்துக்கு வருவோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அது தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும், அரசு அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டம் தனியே உண்டு. தனியார் விஷயத்திலும், பொது இடத்தில் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடியதைப் படமெடுக்க உங்கள் சம்மதம் தேவையில்லை. கேம்பல் லேனில் நீங்கள் பூ வாங்கும்போது மேலே பறக்கும் கேமரா உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியாவில் 2005இலேயே வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனால் கேட்டால் மாறாது என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். டிரேஸ்டுகெதர் நினைவிருக்கிறதா? தொற்றுத் தடமறிய மட்டுமே என்று சொல்லித் திரட்டிய தகவலைக் காவல்துறை குற்ற விசாரணைக்கும் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் அதிருப்தி தெரிவித்தார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் நிறைவேறியது. ஒரு மாதத்தில் முடிந்தது!

வானத்துப் படங்களுக்கும் அதுபோன்ற வரம்பையே நாம் கேட்கிறோம்.

ஒன்று: எந்த நோக்கத்துக்காகப் படம் எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும். வேறு நோக்கத்துக்கு என்றால் அதைச் சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு: லிட்டில் இந்தியாவிலோ விடுதிகளிலோ டிரோன் பறந்தால், பறக்கவிடுவது யார், எதற்கு, படம் எத்தனை நாள் வைக்கப்படும் என்ற அறிவிப்பு தமிழிலும் வங்காளத்திலும் அங்கேயே இருக்க வேண்டும்.

மூன்று: பொதுப் பணத்தில் எடுத்த படங்கள், ஊழியர் நலனுக்குப் பாடுபடும் தொண்டு அமைப்புகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நில ஆணையத்தின் ஒன்மேப் தளம் இலவசம். உங்கள் பிள்ளையின் கைப்பேசியிலேயே திறக்கலாம். உங்கள் உறவினர் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், மருந்தகம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அதைத் தாளில் எழுதிக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குச் செல்லுங்கள். விடுதியில் இருப்பவருக்கு வாக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அவருக்காகக் கேட்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.