பத்து கிலோமீட்டரா, இரண்டு கிலோமீட்டரா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவில் இருக்கும் எரிமலைத் தீவு இஸ்கியா. 2017 ஆகஸ்ட் 21 அன்று இரவு ஒன்பது மணியை நெருங்கும் நேரத்தில் அங்கே நிலம் குலுங்கியது. கஸாமிச்சோலா என்ற ஊரின் மேட்டுப் பகுதியில் வீடுகள் சரிந்தன. இருவர் இறந்தனர், நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். முதலில் வந்த அறிவிப்பு ரிக்டர் அளவு 3.6 என்றது, மையம் கடலுக்குள், 10 கி.மீ. ஆழத்தில் என்றது. பிறகு அளவு 4.0 ஆனது, ஆழம் 5 கி.மீ. ஆனது. இறுதியில் மையம் கடலிலிருந்து கஸாமிச்சோலாவுக்கு அடியிலேயே வந்து சேர்ந்தது. ஆழம் 2 கி.மீ.க்கும் குறைவு.

இந்த இடைவெளியில் நாடு முழுவதும் ஒரே பேச்சு: நான்கு ரிக்டருக்கெல்லாம் வீடு இடியுமா? அனுமதியில்லாமல் கட்டினார்கள், மட்டமான பொருளைப் போட்டார்கள், அனுபவிக்கிறார்கள். இஸ்கியாவில் அனுமதியற்ற கட்டடங்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு கடலுக்கடியில் 10 கி.மீ. ஆழத்தில் நடந்த நடுக்கத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. அப்படி ஒரு நடுக்கம் நடக்கவே இல்லை. கஸாமிச்சோலாவில் இருந்த கருவியில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பின் கால் பங்கைத் தாண்டியது. நல்ல சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய கல்வீட்டுக்கும் அது சோதனைதான்.

கணக்கு எங்கே பிசகியது? நிலநடுக்கமானியில் பி அலை முதலில் வரும், எஸ் அலை பின்னால் வரும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான் மையம் எவ்வளவு தூரம் என்று கணிக்கிறோம். கெட்டியான பாறையில் ஒரு விநாடி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 8 கி.மீ. இஸ்கியாவின் மேலடுக்கோ எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறை. அதில் அலைகள் நத்தை வேகத்தில் போகும். பக்கத்திலேயே நடந்த நடுக்கத்தின் எஸ் அலையும் தாமதமாகத்தான் வரும். கெட்டிப் பாறைக்கான அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் கணினி அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். மையத்தைக் கடலுக்கோ ஆழத்துக்கோ தள்ளிவிடும். அருகில் நிலையங்கள் போதாவிட்டால் ஆழத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது. இந்தத் துறையில் இருப்பவர்கள் 10 கி.மீ. என்ற உருண்டையான எண்ணைப் பார்த்ததுமே சந்தேகப்படுவார்கள். ஆழம் தெரியாதபோது பல மென்பொருள்கள் தொடக்க மதிப்பாக வைத்துக்கொள்ளும் எண் அது.

இத்தனைக்கும் இஸ்கியாவுக்கு 10 கி.மீ. பொருந்தாது என்பது முன்பே தெரிந்த விஷயம். சென்ற நூற்றாண்டின் நடுவில் நிலவெப்பத்துக்காக அங்கே தோண்டிய கிணறுகளில் 1 கி.மீ.க்குள்ளேயே 200 டிகிரியை ஒட்டிய வெப்பம் இருந்தது. அந்தக் கதியில் வெப்பம் ஏறினால் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறை முறியாது, இளகி நகரும். முறியாத பாறையில் நிலநடுக்கம் ஏது?

வரலாறும் இதையே சொல்லிவைத்திருந்தது. 1881 மார்ச்சில் இதே கஸாமிச்சோலா இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்தனர். 1883 ஜூலை 28 அன்று 2,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னாளில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற பெனடெட்டோ குரோச்சே அப்போது பதினேழு வயது இளைஞர். பெற்றோரையும் தங்கையையும் பறிகொடுத்து, இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். நேப்பிள்ஸில் மருத்துவராக இருந்த ஆங்கிலேயர் ஜான்ஸ்டன்-லாவிஸ் அந்த இரு நடுக்கங்களையும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். கருவி கிடையாது. சுவர் விரிசல்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன, சேதம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டார். கஸாமிச்சோலா தரைமட்டமாக, சற்றுத் தள்ளி இருந்த ஊர்கள் தப்பியிருந்தன. மையம் மிக மேலே, எப்போமியோ மலையின் வடசரிவுக்கு அடியில் இருந்தால்தான் சேதம் இப்படிக் குறுகும். 2017இல் கணினி தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடமும் அதுவே.

இடம் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: என்ன நடந்தது? பிளவு ஒன்று வழுக்கியதா, அடியில் பாறைக்குழம்பு அசைந்ததா? எரிமலைத் தீவில் வாழ்பவருக்கு இது ஏட்டு விவாதமல்ல. குழம்பு என்றால் தீவைக் காலி செய்ய வேண்டிவரலாம். பிளவு என்றால் அந்தக் கோட்டின்மேல் வீடு கட்டாமல் இருக்க வேண்டும். இஸ்கியா கடைசியாக வெடித்தது 1302இல். ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, வடசரிவில் ஒரு சிறு பகுதி சுமார் 4 செ.மீ. இறங்கியிருந்தது. கிழக்கு மேற்காக ஓடி, தெற்கு நோக்கிச் சரியும் பிளவு வழுக்கியது என்று ஒரு சாரார் விளக்கினர். ஆவியும் சூடான நீரும் கசிந்து நிலத்தடி இடம் சுருங்கியதும் சேர்ந்தது என்று வேறு சிலர் வாதிட்டனர். நடுக்கம் மேலே நடந்தால் அலைகளை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம். தரைப்பரப்பை ஒட்டிய மூலத்தில் விசையின் சில கூறுகள் தொலைவுக் கருவிகளுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. வழுக்கலும் சுருக்கமும் ஏறத்தாழ ஒரே கோட்டோவியத்தைத் தரலாம்.

என் சாய்வு பிளவின் பக்கம். குழம்பு ஏறும்போது தரை உப்பும். கலாபகஸின் சியெரா நெக்ரா எரிமலையின் தரை ஆண்டுக்கணக்கில் பல மீட்டர் உயர்ந்தது. 2018 ஜூன் 26 அன்று அங்கே 5.4 அளவில் நடுங்கி, சில மணி நேரத்தில் வெடித்தது. இஸ்கியாவிலோ நடுக்கத்துக்கு முன்பே பல ஆண்டுகளாகத் தரை மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. பின்னதிர்வுகளும் கொஞ்சம்தான். வாயு கசிந்து தாழும் மலை பழைய பிளவைத் தள்ளிவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் சுருக்கத்தைச் சொன்னவர்களும் முற்றிலும் தவறல்லர்: சுமை ஏற்றியது அது, முறிந்தது பிளவு.

எரிமலைத் தீவுகளுக்கான முதல் அறிவிப்பில் ஒற்றை எண்ணைத் தருவதை நிறுத்த வேண்டும். அந்தந்தத் தீவின் பாறைக்கேற்ற அலைவேக அட்டவணையைக் கணினியில் முன்கூட்டியே ஏற்றி, ஆழத்தை ‘1 முதல் 4 கி.மீ.க்குள்’ என்பது போல எல்லையோடு சொல்லலாம். அளவு மட்டும் தலைப்புச் செய்தியாகும் வழக்கம் போய், தரை எவ்வளவு வேகமாக ஆடியது என்பதும் அதோடு சேர்ந்து வரவேண்டும். மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று அதிகாரிகள் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். புயல் கரையைக் கடக்கும் இடத்தை ஒரு புள்ளியாக அல்லாமல் விரிந்த கூம்பாகத்தான் வானிலைத் துறைகள் வரைந்து காட்டுகின்றன. மீனவர்கள் அதைப் பார்த்துப் படகைக் கட்டுகிறார்கள்.

(கட்டுரையாளர்: நிலநடுக்கவியல் ஆய்வாளர்)