விழப் பழகும் இடம் எங்கே?

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலையில் வாலிபர்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுகிறார்கள் என்னும் புகார் நமது வாசகர்களுக்குப் புதிதன்று. போலீஸார் வண்டிகளைக் கைப்பற்றுகிறார்கள்; பெற்றோரை வரவழைத்து எச்சரிக்கிறார்கள்; சில வாரங்கள் சாலை அமைதியாக இருக்கிறது; பின்னர் பழைய கதையே மறுபடியும் ஆரம்பமாகிறது. இந்தச் சாலையின் மத்தியில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே, நெமிலிச்சேரி இருக்கிறது. அவ்வூரையும் அதன் சுற்றுவட்டக் கிராமங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

குற்றத்தைக் குற்றமன்று என்று வாதிப்பது நமது நோக்கமல்ல. பொது ரஸ்தாவில் பந்தயம் விடுகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் உயிரையும் சேர்த்து வைக்கிறான். சட்டமும் இவ்விஷயத்தில் தாட்சண்யம் காட்டவில்லை. 2019-ஆம் வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பந்தயம் விடுவோருக்கு முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வயது வராத பையன் குற்றம் செய்தால் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இதற்கு மேலும் கடுமை வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆயினும் பந்தயம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இவ்வட்டாரத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்களை அழைத்து, நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றது எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். பலர் சொல்லும் பதில் ஏரி என்பதாகவே இருக்கும். தை மாதத்து அறுவடை முடிந்து, சித்திரை வெயிலில் ஏரி வற்றியதும், அதன் உட்பரப்பு வெடித்துக் காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாய்க் கிடக்கும். கிராமத்துக்கு அந்த மூன்று மாதங்கள்தான் மைதானம். ஒரு புறத்தில் சடுகுடு நடக்கும். மற்றொரு புறத்தில் கில்லி பறக்கும். காற்று எழுந்தால் காத்தாடி ஏறும். நடுவே எவனாவது மாமனுடைய வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, கிளட்ச்சை விடத் தெரியாமல் விட்டு, குதிரை துள்ளுவதுபோல் துள்ளி, பத்து கஜத்துக்கு அப்பால் புழுதியில் கிடப்பான். முழங்கால் சிராய்ந்தது; மாமனிடம் வசவு கிடைத்தது; அவ்வளவுதான். அவன் விழுந்த இடத்தில் லாரி இல்லை, கல் தடுப்பு இல்லை, இரும்பு வேலி இல்லை. மண் இருந்தது. வேகத்தின் மீதுள்ள ஆசை விழாமல் தீர்வதில்லை. ஆகையால், விழுந்தாலும் எழுந்து வரக்கூடிய ஓர் இடம் ஊருக்கு ஊர் இருந்ததே பெரிய பாக்கியம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த ஆசை மோட்டாரோடு வந்த ஆசையும் அல்ல. இரண்டு பனங்காய்களைக் குச்சியால் பிணைத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடிய சிறுவனுக்கு அதுவே முதல் வண்டி. பிறகு சைக்கிள் டயரும் ஒரு கோலும். அதற்குப் பின் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த சைக்கிளில், கால் எட்டாமல், சட்டத்துக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட காலம். இந்த ஏணியின் கடைசிப் படியில்தான் மோட்டார் சைக்கிள் நின்றது. படிப்படியாக ஏறி வந்தவனுக்கு வேகம் என்பது என்ன, மணலில் சக்கரம் எப்படி வழுக்கும், முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் உடம்பிலேயே பதிந்திருந்தது. இன்றைய பையனோ கைப்பேசித் திரையிலிருந்து நேராக அதிவேக வண்டியின் மேல் ஏறுகிறான். நடுவிலிருந்த படிகளை எடுத்துவிட்டவர்கள் நாம்.

சென்னை ஜில்லாக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிளோடு தனியான உறவும் உண்டு. 1955-ல்தான் இங்கிலாந்து தேசத்து என்பீல்டு கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் புல்லட் வண்டி உற்பத்தி ஆரம்பமாயிற்று. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து அவை தேசமெங்கும் சென்றன. அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை. அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து விட்டு, அதன் பின்பே உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை வீங்கச் செய்யும். கியர் வலக் காலில், பிரேக் இடக் காலில். பொறுமையில்லாதவனை அவ்வண்டி தன் மேல் ஏறவே விடாது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகு, பால்காரரும் கீரைக்காரரும் புல்லுக்கட்டு ஏற்றுபவரும் மோட்டாரில் ஏறினார்கள். இவ்வட்டாரத்துக்கு வடக்கே, யுத்த காலத்தில் அமைந்த சோழவரம் விமானத் தளத்தில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களைப் பார்க்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டதை முதியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. அங்கே ஓட்டுவதற்கான வண்டியும் உடையும் கட்டணமும் நெமிலிச்சேரிப் பையனின் கைக்கு எட்டுமா என்பது வேறு விஷயம்.

நிற்க. வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரை சுமார் 30 கிலோமீட்டர். அது 2014-ல் திறக்கப்பட்டது. நெமிலிச்சேரி முதல் மீஞ்சூர் வரையுள்ள இரண்டாம் பகுதி 2021-ல் திறக்கப்பட்டது. இரண்டிலும் ஆறு தடங்கள். பக்கத்தில் சர்வீஸ் ரஸ்தாக்கள். இந்தச் சாலையை நாம் ஆட்சேபிக்கவில்லை. நகரத்துக்குள் நுழையாமல் சரக்கு லாரிகள் வடக்குத் துறைமுகங்களுக்குச் செல்வது நல்லதே. ஆனால் சாலை வருவதற்கு முன்பும், வந்த பிறகும் இங்கே மனைகள் பிரிக்கப்பட்ட வேகத்தைக் கவனிக்க வேண்டும். புன்செய் போயிற்று, நன்செய் போயிற்று, மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் களத்துமேடும் எங்கே இருந்தன என்று கேட்டால் பழைய வரைபடத்தைத்தான் காட்ட வேண்டும். வற்றிய ஏரியில் விளையாடிய காலமும் போயிற்று. சில ஏரிகளில் வீடுகள், சிலவற்றில் வருஷம் முழுவதும் சாக்கடை நீர். இத்தனை நிலமும் போன பின், மிச்சமாக நீண்டு பரந்து காலியாகக் கிடக்கும் ஒரே சமதரை எது? அந்த ஆறு தடச் சாலைதான். பையன்கள் அங்கே போகிறார்கள்.

பழைய காலத்தைப் பொற்காலமாக வர்ணிக்கும் துர்ப்பழக்கம் நமக்கு வேண்டியதில்லை. அந்த ஏரி மைதானம் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருந்ததா? ஊர்ப் பையன்களும் சேரிப் பையன்களும் ஒரே ஆட்டத்தில் சேராத கிராமங்கள் எத்தனையோ. பெண் குழந்தைகளுக்கோ பாண்டியும் பல்லாங்குழியும் வாசலோடு சரி. வயது பன்னிரண்டானால் வாசலும் இல்லை. உண்மையில் இவ்வூர்ப் பெண்களுக்கு வெளியுலகத்தைக் காட்டியது மைதானமன்று, ஸ்கூட்டர்தான். 2018-ல் வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்கப் பாதி விலை, 25,000 ரூபாய் வரை, மான்யம் தரும் திட்டம் ஆரம்பமானதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆகவே நாம் கேட்பது பழைய மைதானத்தையே திருப்பித் தரும்படி அல்ல. அதைவிட நல்லதாக, சாதியும் பாலும் பாராது எல்லோரும் இறங்கக்கூடிய மைதானம் வேண்டுமென்பதே கோரிக்கை.

வெளி சுருங்கினால் நிரபராதமான விளையாட்டும் எப்படி விஷமாகிறது என்பதற்குக் காத்தாடியே சாட்சி. ஏரியின் மேல் அறுந்த நூல் மண்ணில் விழுந்தது. மாடியிலிருந்து விடும் காத்தாடியின் நூலோ ரஸ்தாவின் குறுக்கே விழுகிறது. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவானால் இருசக்கர வண்டியில் வருபவரின் கழுத்தை அறுக்கிறது. சென்னையில் இவ்விதம் மாண்டவர்களில் தகப்பனோடு சென்ற சிறு குழந்தைகளும் உண்டு. நைலான் மாஞ்சாவை 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தேசம் முழுவதும் தடைசெய்தது, மிகவும் சரி. காத்தாடி விடும் ஆசையை எந்தத் தீர்ப்பாயமும் தடைசெய்ய முடியாது.

விளையாட வேண்டுமானால் வாடகை மைதானங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். ஆம், பச்சைப் பாய் விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் பணம் வாங்கும் இடங்கள் புறநகரெங்கும் முளைத்திருக்கின்றன. 1955 ஜனவரியில் இதோ பக்கத்து ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரி சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானம் செய்தது. அத்தீர்மானம் நிறைவேறிய இடத்திலிருந்து சில மைல் தூரத்தில், கூலிக்காரர் மகன் பந்து உதைக்கக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. 1897-ல் சென்னையில் பேசிய சுவாமி விவேகானந்தர் நமது வாலிபர்களுக்குக் கீதைக்கு முன்னால் கால்பந்தைச் சிபாரிசு செய்தார். அதற்கு வாடகை எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

சர்க்கார் எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2024-ல் தமிழ்நாட்டின் 12,000-க்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மட்டையும் பந்தும் வலையும் வந்தால் சந்தோஷமே. ஆனால் வலையை எங்கே கட்டுவது? அதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், ரஸ்தா நீங்கலாக, நூற்றுக்குப் பத்து வீதம் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம் என்று அதே விதி ஒரு பின்வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அப்பின்வாசலை அடைக்க வேண்டும். பணத்தின் மேல் யாரும் சடுகுடு ஆட முடியாது. ஒதுக்கிய இடங்களிலும் தண்ணீர்த் தொட்டியோ ஆபீஸோ கட்டிவிட்டு மைதானம் என்று கணக்குக் காட்டும் வழக்கம் நிற்க வேண்டும். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க ராஜ்ய சர்க்கார்கள் திட்டம் வகுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில், உத்தரவிட்டது. ஏரிகளைக் காக்கத் தமிழ்நாட்டில் 2007-ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. காகிதத்தில் குறைவொன்றுமில்லை. மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்குக் கோயில் கட்டி முடித்த பூசலார் நாயனாரின் ஊர் பக்கத்துத் திருநின்றவூர்தான். மைதானத்தையும் அவ்விதமே மனத்துக்குள் கட்டிக்கொள்ளட்டும் என்று அதிகாரிகள் எண்ணிவிட்டார்கள் போலும்.

மோட்டார் ஓட்டுவோர் விஷயத்தில் இன்னொன்றும் வேண்டும். சாலையிலிருந்து விலகி, வேலியிட்டு, தலைக்கவசம் கட்டாயமாக்கி, சொற்பக் கட்டணத்தில் வாலிபர்களும் பெண்களும் வண்டி பழகவும் வேகத்தைச் சோதிக்கவும் ஒரு பயிற்சித் தளத்தை ஆவடி வட்டாரத்தில் அமைப்பது அசாத்தியமான காரியமல்ல. வெளிவட்டச் சாலைக்காக ஒதுக்கப்பட்ட நிலத்தின் அகலம் 122 மீட்டர். அவ்வளவு அகலத்தை லாரிக்கு ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, கற்றுக்கொள்பவனுக்குச் சில ஏக்கர் ஒதுக்குவது சிரமமாகாது. பிடிபட்ட பையனை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதைவிட, அத்தளத்தில் ஒரு மாதம் பயிற்றுநரிடம் விட்டால் போலீஸாருக்கும் வேலை குறையும்.

சுற்றுவட்டத்தில் இன்னும் பஞ்சாயத்தாகவே இருக்கும் கிராமங்களில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் ஊரார், தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றிப் பேசி முடித்த பிறகு எழுந்துவிடாமல், தங்கள் கிராமத்தின் மேய்க்கால், மந்தைவெளி, களம் ஆகிய புறம்போக்குகளின் சர்வே எண்களையும், மனைப்பிரிவுகளில் ஒதுக்கப்பட்ட திறந்தவெளிகளின் ஜாபிதாவையும் சபையில் உரக்கப் படிக்கும்படி கேட்கலாம். படித்தபின் அந்த இடங்களை நேரில் போய்ப் பார்த்து வரலாம். பையன்களையும் பெண் குழந்தைகளையும் கூடவே அழைத்துச் செல்லலாம்.