ஜமக்காளத்தில் ஒரு கறை

சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர் இல்லத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நண்பருடைய தாயாரின் விவாகத்துக்கென்று பவானியில் சொல்லி நெய்வித்தது அது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். அந்த வீட்டில் பிறந்த குழந்தைகள் அதன்மேல்தான் தவழ்ந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் நலங்கு கண்டார்கள்.

பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தார்கள். “நான்தான் கொடுப்பேன்” என்று பிடிவாதம் செய்து காப்பித் தட்டை வாங்கி வந்தான் நண்பருடைய இளைய குமாரன். வயது ஒன்பது. வாசற்படி தடுக்கிற்று. இரண்டு டம்ளர் காப்பி ஜமக்காளத்தின் நட்டநடுவே அபிஷேகமாயிற்று.

நம் நாட்டில் யோசனை சொல்லுகிறவர்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. “வெந்நீரைக் கொட்டுங்கள்” என்றார் ஒருவர், கொட்டினார்கள். மற்றொருவர் துணி துவைக்கும் பிரஷ்ஷை எடுத்துப் பலங்கொண்ட மட்டும் தேய்த்தார். மூன்றாவதாக ஓர் அம்மாள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். சாயங்காலம் பார்த்தபோது காப்பிக் கறை போய்விட்டது என்பது வாஸ்தவந்தான். ஆனால் கூடவே சிவப்புச் சாயமும் போய், அவ்விடத்தில் பௌர்ணமிச் சந்திரனைப்போல் ஒரு வெள்ளை வட்டம் நின்றது!

பாட்டியம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “கறையாயிருந்தால் இன்றில்லாவிட்டால் நாளை போயிருக்கும். போன சாயம் எங்கே திரும்பி வரப்போகிறது?” என்றாள். பையனோ காமரா அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இரவு சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அன்றிரவு வீடு திரும்பும்போது நமக்கு ஒன்று தோன்றிற்று. ஜமக்காளத்தைக் கெடுத்தது காப்பியன்று, அவசரமே கெடுத்தது. ஆகையால் இந்த வாரம் கறையைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, கறை பட்டவுடன் தேய்க்கலாகாது. தேய்த்தால் மேலே நிற்கும் திரவம் நூலின் உட்புறத்துக்குள் இறங்கிவிடும். கறையும் நாலா பக்கமும் பரவும். வெளுத்த பருத்தித் துணியை மடித்து, கறையின்மேல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகலாகாது. துணி நனைந்தால் வேறு துணி. முதல் ஐந்து நிமிஷத்தில் இதை மாத்திரம் செய்தாலே பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

இரண்டாவது, வெந்நீர் ஆகாது. நாம் சாப்பிடும் காப்பியில் பால் இருக்கிறது. பாலிலுள்ள புரதம் சூடு பட்டால் உறைந்து நூலைப் பற்றிக்கொள்ளும். முட்டை, இரத்தம் இவற்றின் விஷயமும் அப்படியே. பச்சைத் தண்ணீரே உத்தமம். தண்ணீரால் ஒற்றி எடுத்த பிறகு, பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரையையாவது, காரம் குறைந்த சோப்பு நுரையையாவது தடவி மறுபடி ஒற்றவும். அப்புறமும் பழுப்பு நிறம் தங்கினால், ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து ஒற்றி, பிறகு வெறுந் தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

மூன்றாவது, எந்த மருந்தானாலும் முதலில் விளிம்பின் அடிப்பக்கத்தில் ஒரு துளி விட்டு, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் சாயம் ஏறினால் அந்த மருந்து நமக்கு வேண்டாம். பிளீச்சிங் பவுடருக்குக் கறையென்றும் சாயமென்றும் பேதம் தெரியாது, கண்டதையெல்லாம் வெளுக்கும். அதனுடன் வினிகரோ எலுமிச்சஞ் சாறோ சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். இரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது.

இனி, நம் வீடுகளுக்கே உரிய கறை ஒன்று உண்டு. அதுதான் மஞ்சள். மஞ்சட் கறையில் சோப்புப் பட்டதும் அது இரத்தச் சிவப்பாக மாறும். அநேகர் இதைக் கண்டு கலங்கிப் போகிறார்கள். ஆரத்தி கரைத்த கைகளுக்கு இது புதிதா என்ன? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதுபோலவே சோப்பின் காரம் பட்டாலும் சிவக்கிறது. நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். மிச்சமிருப்பதற்கு மருந்து சூரிய பகவானிடம் இருக்கிறது. மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. ஆனால் அதே வெயில் ஜமக்காளத்தின் சாயத்தையும் வெளிறச் செய்யுமாகையால், மற்ற இடங்களைத் துணியால் மூடி, கறையுள்ள பாகத்தை மாத்திரம் சிறிது சிறிது நேரமாக வெயிலுக்குக் காட்ட வேண்டும்.

எண்ணெய் சிந்தினால் தண்ணீரைத் தொடவே வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடரையோ, சாக்கட்டித் தூளையோ கனமாகத் தூவி, சில மணி நேரம் விட்டு, உதறிவிடவும். எண்ணெயைத் தூள் குடித்துவிடும். பிறகு சோப்பு நுரை. பால்பாயிண்டுப் பேனாவின் மைக்குப் பஞ்சில் தோய்த்த ஸ்பிரிட். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது.

கம்பளத்தின் ஜாதியையும் அறிந்துகொள்ள வேண்டும். பருத்தி ஜமக்காளம் தண்ணீரைத் தாங்கும். பவானியிலேயே செயற்கைப் பட்டு நூலால் பளபளவென்று நெய்வதும் உண்டு. அந்த நூல் நனைந்தால் பலம் குன்றும். அதை முறுக்கிப் பிழிவது தகாது. கம்பளி விரிப்புக்கோ சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் யமன். வெந்நீரில் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும்.

கடைசியாக ஒரு ரகசியம். போய்விட்டது என்று நினைத்த கறை மறுநாள் காலையில் எட்டிப் பார்ப்பதுண்டு. ஈரம் உலரும்போது, அடியில் தங்கிய அழுக்கையும் நூல் வழியாக மேலே கொண்டு வருவதே காரணம். ஆகவே ஈரமான இடத்தில் மடித்த துணியை வைத்து, அதன்மேல் கனமான ஏதாவது ஒன்றைப் பாரம் வைக்கவும். எந்த வீட்டிலும் ஒருவரும் படிக்காத தடித்த புஸ்தகம் ஒன்று இருக்கும். அது பயன்படுவதற்கு இது நல்ல சந்தர்ப்பம். புஸ்தகம் நனையாமலிருக்க இடையே ஒரு தட்டு வைக்க மறக்க வேண்டாம். பிறகு இருபுறமும் காற்றுப் படும்படி நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு ஜமக்காளத்துக்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்கலாம். காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில் மனிதர்கள் குழித் தறியில் உட்கார்ந்து, கையாலும் காலாலும் நெய்த பொருள் அது. 1985-ஆம் வருஷத்திய சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சட்டம் தறியைக் காக்கலாம். தறியிலிருந்து நம் வீட்டுக்கு வந்ததை நாம்தானே காக்க வேண்டும்?

நண்பர் வீட்டு விவாகம் போன வாரம் நடந்தது. அதே ஜமக்காளத்தைத்தான் விரித்திருந்தார்கள். வெள்ளை வட்டத்தை மறைக்க யாரோ ஒரு பாயைக் கொண்டு வந்தபோது பாட்டியம்மாள் தடுத்துவிட்டாள். “அது என் பேரன் உட்காருகிற இடம்” என்றாள். ஆனால் பேரன் உட்காரவில்லை. தோளில் உலர்ந்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, காப்பித் தட்டு போகுமிடமெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.