காடு பொதுச் சொத்து. அதில் வெட்டிய பாதையும்

பனி உருகி மண் சேறாகிக் கிடக்கும் காலத்தில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகளில் மவுண்டன் பைக் ஓட்டக்கூடாது. இதை வேண்டுகோளாக எழுதி மரத்தில் தொங்கவிட்டால் போதாது. மாநகரசபை விதியாகவே அறிவிக்க வேண்டும். அதே மாநகரசபை, அந்தப் பாதைகளைச் சம்பளம் வாங்காமல் வெட்டிப் பராமரிக்கும் தொண்டர்களுடன் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளவும் வேண்டும். சூழல் ஆர்வலர்கள் முதலாவதை மட்டும் கேட்கிறார்கள், சைக்கிள்காரர்கள் இரண்டாவதை மட்டும். ஒன்றில்லாமல் மற்றது நிலைக்காது என்பதே நமது நிலைப்பாடு.

இந்தக் காடுகள் எப்படிப் பொதுச் சொத்தாயின என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1954 ஒக்ரோபரில் வந்த ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 பேரைப் பலிகொண்டது. ஹம்பர் ஆற்றங்கரையில் வீதியோடு சேர்த்து வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் இனி வீடு கட்ட விடக்கூடாது என்ற முடிவு அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. 1957இல் அமைந்த பிராந்திய இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையம் ஆற்றோர நிலங்களைக் கையகப்படுத்தத் தொடங்கியது. இன்று நகரின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் பள்ளத்தாக்கு. அதில் பாதிக்கு மேல் பொது நிலம். கட்டடக்காரர்களின் கைக்குப் போயிருக்க வேண்டிய காணி, அத்தனை சாவுகளுக்குப் பிறகு ஊருக்கு மிஞ்சியது. அங்கே யார் நடக்கலாம், யார் ஓடலாம், யார் மண்ணை வெட்டலாம் என்பதை ஒரு விளையாட்டுக் குழு தனக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது.

இந்தச் சிக்கலை நகரம் ஒருமுறை ஒழுங்காகக் கையாண்டிருக்கிறது. லீசைட்டுக்குக் கீழே டொன் ஆற்றின் சரிவில் கிடக்கும் குரோதர்ஸ் வூட்ஸ் 52 ஹெக்டேயர் காடு. பீச், மேப்பிள், ஓக் மரங்கள் நெருங்கி நிற்பது. 1995இல் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்கு அடியில் ரயில் பாதை, நெடுஞ்சாலை இரைச்சல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மேலே சூப்பர்மார்க்கெட். அதன் வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்திலேயே பாதை தொடங்கிவிடுகிறது. ஒருவர் பால் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பும் இடத்தில் இன்னொருவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். மவுண்டன் பைக் மோகம் வந்த காலத்தில் யாரையும் கேட்காமல் இந்தச் சரிவெங்கும் தடங்கள் விழுந்தன. தடை விதித்து வேலி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது நகரத்துக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், 2007இல் அந்தக் காட்டுக்கென்றே ஒரு பாதை முகாமைத் திட்டத்தை வகுத்தார்கள். சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தின் ஆலோசனையும் பெறப்பட்டது. எந்தத் தடம் இருக்கலாம், எதை மூட வேண்டும், எதை வேறு வழியாகத் திருப்பலாம் என்று முடிவாயிற்று. பிறகு தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களே அதை எளிதாகப் பழிக்கிறார்கள். சரிவின் குறுக்கே பாதை எடுக்கும்போது முதலில் சருகை வாரி ஒதுக்குவார்கள். அதற்கடியில் உள்ள கறுத்த மக்கிய மண்ணையும் நீக்கி, கெட்டியான கனிம மண் தெரியும்வரை சரிவின் உட்புறத்தை வெட்டுவார்கள். ஒரு முனை கோடரியாகவும் மறுமுனை மண்வெட்டியாகவும் இருக்கும் புலாஸ்கி என்ற ஆயுதம் வேரையும் மண்ணையும் ஒருசேரக் கையாளும். வெட்டிய தளம் மட்டமாக இருந்தால் வேலை கெட்டது என்று பொருள்; வெளிப்பக்கம் ஏறத்தாழ 5 சதவீதம் சாய வேண்டும். அப்போதுதான் மழைநீர் பாதையிலேயே ஓடாமல் குறுக்காகக் கடந்து கீழே இறங்கும். பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. சரிவில் நேர்கீழாக இறங்கும் தடம் இரண்டு மழையில் வாய்க்காலாகிவிடும். இடையிடையே பாதை சற்று இறங்கி ஏறும்படி வளைத்து விடுவதும் தேங்கும் நீரைத் துரத்தத்தான். பழைய தடத்தை மூடுவது புதியதை வெட்டுவதைவிடக் கடினம்: இறுகிய மண்ணைக் கிளறி, செடி நட்டு, விழுந்த கிளைகளைக் குறுக்கே போட்டு, பாதை இருந்த சுவடே தெரியாமல் சருகு தூவ வேண்டும். தெரிந்தால் அடுத்த நாளே யாராவது அதில் சக்கரத்தை விடுவார்கள். இத்தனையையும் விடுமுறை நாளில், கைக்காசு செலவழித்து, கொசுக்கடியில் செய்பவர்களை நாசகாரர் என்று அழைப்பது அநியாயம்.

ஆனால் இதே தொண்டர்களின் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாழாக்குவதும் பைக் ஓட்டிகள்தாம். ஏப்ரலில் மேல்மண் நான்கு விரல் ஆழத்துக்கு உருகியிருக்கும். அதன் கீழே நிலம் இன்னும் உறைந்து கிடக்கும். உருகிய நீருக்குக் கீழே இறங்க வழியில்லை. டொன் பள்ளத்தாக்கின் களிமண் எப்படிப்பட்டது என்பதற்குப் பக்கத்துச் செங்கற்சூளையே சாட்சி: 1889 முதல் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் இந்தப் பள்ளத்தாக்கின் களியைத் தோண்டித்தான் ரொறன்ரோவின் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்டார்கள். அந்தக் களி ஈரமாக இருக்கையில் சக்கரம் ஏறினால் விரல் ஆழத்துக்குத் தடம் விழும். மே மாத வெயிலில் அது அப்படியே இறுகும். அடுத்த மழையில் நீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். வெளிச்சாய்வாக வெட்டியதெல்லாம் வீண். பின்னால் வருபவர் சேற்றைத் தவிர்க்கப் பாதையோரம் ஒதுங்குவார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் ஒதுங்குவார். ஒற்றையடிப்பாதை இரண்டே வாரத்தில் மாட்டுவண்டிப் பாதையாக அகலும். அந்த ஓரத்தில்தான் அதே வாரங்களில் ட்ரில்லியம் தலைகாட்டுகிறது. விதையிலிருந்து ஒரு பூவைக் காண ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வைக்கும் செடி அது. ஒன்ராறியோவின் மாகாண மலர். மிதித்தவருக்கு அது தெரிவதுகூட இல்லை.

நடப்பவரைவிடச் சைக்கிள் ஒன்றும் அதிகமாகக் கெடுத்துவிடுவதில்லை என்று ஓட்டிகள் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்ராறியோவின் பொயின் பள்ளத்தாக்கு மாகாணப் பூங்காவில் செய்து 2001இல் வெளியிட்டது. ஒரே வகைக் காட்டுத்தளத்தில் 500 தடவைவரை நடந்தும் ஓட்டியும் பார்த்தார்கள். செடிக்கும் மண்ணுக்கும் வந்த சேதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். நேர்மையான ஆய்வு, சைக்கிளைக் கண்டாலே காடு அழியும் என்ற கூச்சலுக்கு நல்ல பதில். ஆனால் அது ஒப்பிட்டது ஒரு தடவை நடப்பதையும் ஒரு தடவை ஓட்டுவதையும். நடப்பவர் ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்தைப் போலச் சில மடங்கு தூரம் ஓட்டுபவர் போய்விடுகிறார். மண்ணை வெட்டிப் புதுத் தடம் அமைப்பதால் வரும் சேதத்தை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. அந்த ஆய்வைக் காட்டிக்கொண்டு ஏப்ரல் சேற்றில் இறங்குபவர் அதைப் படிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

புதுத் தடம் வெட்டுபவர்கள் விடயத்தில் நாம் கொஞ்சமும் இளகத் தயாரில்லை. நகரின் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு விதி, அனுமதியின்றி மரத்தைக் காயப்படுத்துவதையும் மண் கொட்டுவதையும் நிலமட்டத்தை மாற்றுவதையும் தெளிவாகத் தடைசெய்கிறது. ஆனால் பாய்ந்து விளையாட மண்மேடு கட்டும் இளைஞர்கள் இந்த மூன்றையும் ஒரே மாலையில் செய்துவிடுகிறார்கள். ஹை பார்க்கில் எஞ்சியிருக்கும் கறுப்பு ஓக் சவன்னா போன்ற அரிய நிலத்தில்கூட இது நடந்தது. டயரில் ஒட்டிய சேற்றோடு நாய்நெரிக் கொடியின் விதையும் கடுகுப்பூண்டின் விதையும் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அவை வேரூன்றிய இடத்தில் உள்ளூர்ச் செடிக்கு இடமில்லை. பாய்வதற்கு இடம் வேண்டுமென்றால் கேட்கட்டும்: சன்னிபுரூக்கில் நகரமே ஒரு பைக் பார்க் அமைத்திருக்கிறது, இன்னும் நான்கு கேட்டுப் போராடினால் இந்தப் பத்திரிகை பக்கத்தில் நிற்கும்.

“நாங்கள் வெட்டினோம், நாங்கள் ஓட்டுவோம்” என்ற பேச்சும் அங்கங்கே கேட்கிறது. நமது ஊர்களில் சிரமதானம் செய்து ஒழுங்கை திருத்தியவர்கள் பிறகு அதன் வாயிலில் கதிரை போட்டு உட்கார்ந்ததில்லை. உழைப்புக்கு ஊர் நன்றி சொல்லும், உறுதி எழுதிக் கொடுக்காது. மூடச் சொன்னால் மூடவும், திருப்பச் சொன்னால் திருப்பவும் ஒப்புக்கொள்கிறவரே பொது நிலத்தில் தொண்டர். மற்றவர் அத்துமீறிக் குடியேறியவர், கையில் என்ன ஆயுதம் இருந்தாலும்.

இனி மாநகரசபை. தொண்டர்களின் வேலையைப் பார்த்தும் பாராததுபோல் இருப்பதற்கு அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் காரணம், யாராவது விழுந்து காலை முறித்தால் வழக்கு வரும் என்பது. ஒன்ராறியோவின் காணிப் பொறுப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் வைத்திருக்கிறது. கட்டணம் வாங்காத, அறிவித்தல் பலகை வைத்து முறையாக அடையாளமிடப்பட்ட பொழுதுபோக்குப் பாதையில் போகிறவர், ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்காமலும் அலட்சியத்தின் உச்சத்துக்குப் போகாமலும் இருப்பதே நிலத்துக்குப் பொறுப்பானவரின் கடமை. ஆக, பாதையை அங்கீகரித்துப் பலகை நட்டால் சட்டப் பாதுகாப்பு கூடுகிறது. பார்த்தும் பாராததுபோல் விட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பயந்து ஒதுங்கியிருப்பதாக நினைக்கும் அதிகாரி உண்மையில் திறந்த வெளியில் நிற்கிறார்.

வன்கூவருக்கு வடக்கே ஃபுரோம், சீமோர், சைப்பிரஸ் மலைகளில் இந்தப் பாடத்தை நீண்ட காலமெடுத்துப் படித்தார்கள். 1980களிலிருந்து அனுமதியின்றி வெட்டப்பட்ட பாதைகள் அவை. சதுப்பைக் கடக்க விழுந்த சீடர் மரத்தைப் பிளந்து ஏணிப்பாலம் கட்டினார்கள். பாலங்கள் வரவர உயர்ந்து, ஒடுங்கி, சாகசமாகி உலகப் புகழ் பெற்றன. மரம் உக்கியபோது அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க ஆளில்லை. 1997இல் ஓட்டிகள் ஒரு சங்கமாகத் திரண்ட பிறகுதான் நில நிர்வாகங்களுக்குப் பேச ஒருவர் கிடைத்தார். இன்று அங்கே நிறுவனங்கள் ஒரு பாதையைத் தத்தெடுத்துப் பணமும் ஆளும் தருகின்றன. பகை அதோடு ஒழிந்ததா என்றால், இல்லை. ஃபுரோம் மலைப் பாதைகளில் யாரோ மரக்கட்டைகளை இழுத்துப் போடுகிறார்கள் என்று ஓட்டிகள் கமரா மறைத்துவைத்துப் பிடித்ததும், 2015இல் ஒரு பெண் கைதானதும் செய்தியாயின. கட்டை போட்டது குற்றம். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வீட்டருகே உள்ள காட்டில் நிம்மதியாக நடக்க முடியவில்லை என்று எரிச்சல்படுபவர்கள் எந்த ஊரிலும் உண்டு என்பதை ஓட்டிகள் மறக்கலாகாது.

அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்து கிங்டம் பாதைகளில் அந்த எரிச்சலுக்கு விலை கொடுத்தார்கள். அது தனியார் நிலம், உரிமையாளர்கள் மனமிரங்கித் திறந்துவிட்டது. 2019 டிசம்பரில் அவர்களில் மூவர் தங்கள் காணியில் மவுண்டன் பைக்குக்கு மட்டும் அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள்; நடப்பவர்களுக்குத் தடை இல்லை. அங்கே மூன்று பேருக்குக் கோபம் வந்ததும் வாசல் சாத்தப்பட்டது. பொது நிலத்தில் அத்தனை எளிதாகச் சாத்த முடியாது என்ற தைரியத்தில்தான் இங்கே சிலர் ஓட்டுகிறார்கள்.

இது நமது வீட்டுக்கும் வந்த விடயம். ஸ்காபரோவில் ஹைலண்ட் கிறீக் ஓரமாகவும் மோர்னிங்சைட் பூங்காவிலும் மாலையில் நடப்பவர்களில் நம்மவர் ஏராளம். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் அம்மம்மாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும் சக்கரம் எத்தனை பெரிய பயம் என்பது, அந்தச் சக்கரத்தில் வரும் அவரது மூத்த பேரனுக்குத் தெரிவதில்லை. சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். இது உலகெங்கும் ஓட்டிகளே எழுதிவைத்த ஒழுங்கு. மணி அடி, வேகத்தைக் குறை, இரண்டு காதிலும் காதொலிப்பானைச் செருகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் பெற்றோருக்கு மாநகரசபையின் உத்தரவு தேவையில்லை.

2007இல் ஒரு காட்டுக்குச் செய்ததை மற்றப் பள்ளத்தாக்குகளுக்கும் விரித்துச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். எந்தப் பாதை அங்கீகரிக்கப்பட்டது, எது மூடப்பட்டது என்பது வரைபடத்திலும் பலகையிலும் இருக்கட்டும். சேற்றுக்கால மூடலை நாட்காட்டித் திகதிக்குக் கட்டிப்போடாமல், மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பூங்கா அலுவலரிடம் கொடுக்கட்டும். மீறுபவருக்கு அபராதம் போடட்டும். உடன்படிக்கையில் கையெழுத்திடும் சங்கம் ஆயுதமும் ஆளும் தந்தால் மட்டும் போதாது. மூடிய பாதையில் ஓடும் தன் உறுப்பினரை நிறுத்திக் கேட்கவும், அனுமதியின்றி வெட்டிய தடத்தைத் தானே போய் மூடவும் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு முகம் சுளிக்கும் சங்கத்தோடு மாநகரசபை கையெழுத்திடத் தேவையில்லை.