அரை டிகிரி செய்த வேலை

சர்க்யூட் போர்டை போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், மீதி வேலையை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று நம்புபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனுக்கே இந்த நம்பிக்கை இருந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பொன்மலையில் என் அத்தை வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். அவருடைய எம்பிராய்டரி மெஷினில் நூல் வெட்டும் பகுதி திடீரென்று நின்றுவிட்டது. தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். பார்க்க வந்தவர், "போர்டையே மாற்ற வேண்டும்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். அந்த சீசனின் லாபம் மொத்தமும் அதற்கே போய்விடும். சர்க்யூட் வரைபடம் கேட்டால், அப்படி ஒன்று தருவதில்லை என்று பதில் வந்தது. விடுமுறையில் வந்திருந்த நான் போர்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

இரண்டு பக்கமும் செம்புத்தடம் உள்ள போர்டு அது. ஒரு பக்கம் ஓடும் தடம் ஒரு துளை வழியாக இறங்கி மறுபக்கம் தொடரும். எனவே இரு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, கீழ்ப்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, ஜிம்ப் சாஃப்ட்வேரில் இரண்டு லேயர்களாக வைத்தேன். மேல் லேயரின் ஒப்பாசிட்டியை 50 சதவீதமாகக் குறைத்தால் இரு பக்கமும் ஒருசேரத் தெரியும். இடது ஓரத்தில் இருந்த இரண்டு துளைகளைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வலது கோடியில் ஒரு டிரைவர் ஐசி இருந்தது. யு.எல்.என். 2003 என்ற, எங்கும் கிடைக்கும் 16 பின் ஐசி. நூல் வெட்டும் சோலனாய்டுக்குப் போகும் தடம், படத்தில் அதன் 11-ஆம் பின்னுக்கும் 12-ஆம் பின்னுக்கும் நடுவில் போய் நின்றது. "படம் கொஞ்சம் நகர்ந்திருக்கும்" என்று மனதுக்குள்ளேயே 12 பக்கம் தள்ளிக்கொண்டேன். 12-ஆம் பின்னைச் சோதித்தால் நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் ஐசி-யில் குறையில்லை, பிராசஸர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி இரண்டு நாள் அலைந்தேன். அத்தை ஒவ்வொரு நூலாகக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தவர் என் பெரியப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் டிராயிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த பணிமனை அது. அவர் காலத்தில் ஒரு டிரேசிங் தாளை இன்னொன்றின் மேல் வைத்துக் கண்ணாடிக்குக் கீழே விளக்குப் போட்டுப் பார்ப்பார்களாம். என் திரையைப் பார்த்ததும், "ஏன்டா, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு புள்ளி பிடிச்சா எப்படி நிக்கும்? ஒண்ணு இந்த மூலை, ஒண்ணு அந்த மூலை. மூணாவதா ஒண்ணை விட்டு வச்சு, அது தானா உட்காருதான்னு பாரு" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் படம் சாய்ந்திருந்தது வெறும் அரை டிகிரி. போர்டின் நீளம் 150 மி.மீ. அரை டிகிரி சாய்வு மறுகோடியில் 1.3 மி.மீ. ஆகிவிடுகிறது. 600 டிபிஐ-யில் அது 31 பிக்சல். ஐசி பின்களின் இடைவெளியான 2.54 மி.மீ. என்பது சரியாக 60 பிக்சல். ஆக, பாதிப் பின் தள்ளி நின்றதில் ஆச்சரியமே இல்லை.

"ஆட்டோ அலைன் வசதியைப் பயன்படுத்தியிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அதையும் முயன்றேன். இன்னும் மோசம். ஒரே மாதிரித் துளைகள் வரிசையாக இருக்கும் போர்டில், ஒரு துளையை அடுத்த துளையோடு சாஃப்ட்வேர் பொருத்திவிடுகிறது. பார்வைக்கு எல்லாம் அச்சாகப் பொருந்தியிருக்கும். ஒரு பின் தள்ளி! சாய்ந்த படமாவது சந்தேகத்தைக் கிளப்பும், இது அதுவும் செய்யாது. பொருத்தியபின் எந்த இடத்தில் எத்தனை பிக்சல் பிழை என்று காட்டாத ஆட்டோ அலைன், என் கருத்தில், பாதி வேலைதான். நானே அப்படிப்பட்ட புரோகிராம்கள் எழுதியிருக்கிறேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

மல்டிமீட்டர் போதாதா என்றால், கடைசியில் அதை வைத்து உறுதி செய்தே ஆக வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் எந்த இரண்டைத் தொடுவது என்று படம்தான் சொல்லும். மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தபிறகே தொடுங்கள். இன்னொன்று, மெலிதான சிஐஎஸ் வகை ஸ்கேனரில் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாக விழும். உயரமான பாகங்கள் உள்ள பக்கத்துக்குப் பழைய சிசிடி ஸ்கேனரே மேல். நான்கு லேயர் போர்டுகளில் உள்ளே இருக்கும் தடங்கள் இந்த முறைக்குச் சிக்காது.

சிப்புக்குள்ளும் இதே கதைதான். ஒவ்வோர் அடுக்காகத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். இதற்கென்றே டிகேட் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 1975-இல் வந்த 6502 பிராசஸரை இப்படிப் படமெடுத்து, அதன் டிரான்சிஸ்டர்கள் இயங்குவதை பிரௌசரிலேயே பார்க்கும்படி செய்தது விஷுவல் 6502 திட்டம். அது நடந்தது 2010-இல். அதற்கு முன்பே, 2007 டிசம்பரில், மைஃபேர் கிளாசிக் கார்டின் ரகசியக் குறியீட்டு முறையைச் சிப்பின் படங்களிலிருந்தே படித்துவிட்டதாக கார்ஸ்டன் நோலும் ஹென்ரிக் ப்ளோட்ஸும் பெர்லினில் அறிவித்தார்கள். பல நாடுகளில் பஸ், ரயில் டிக்கெட்டாக இருந்த கார்டு அது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் சிப் வடிவமைப்புச் சட்டமும் ஆராய்ச்சி, கற்பித்தல் போன்ற நோக்கங்களுக்காக வடிவமைப்பைப் பிரதி எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை.

அப்படியிருந்தும், நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த எனக்கு சர்க்யூட் வரையத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரில் கிடக்கும் போர்டிலிருந்து சர்க்யூட்டைப் படிக்க ஒரு லேப் வகுப்புகூட இல்லை. ஒரு பழைய போர்டு, ஒரு ஸ்கேனர், ஓர் இலவச சாஃப்ட்வேர், இவ்வளவுதான் தேவை. இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு மூலைத் துளைகளைப் பிடித்து மறுபடி பொருத்தினேன். மூன்றாவது துளை தானாக உட்கார்ந்தது. தடம் போய்ச் சேர்ந்தது 11-ஆம் பின். அதைச் சோதித்தால் செத்துக் கிடந்தது. புது ஐசி ஒரு டீ, இரண்டு வடை விலைக்குள் முடிந்தது. பழையதைச் சால்டரிலிருந்து பிடுங்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் காலை அத்தை கத்தரியை எடுத்து டிராயரில் போட்டார். பிராசஸரைக் குறை சொல்லி நான் அலைந்த இரண்டு நாளைப் பற்றி அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.